அவசரம்: நாளை ஆபீஸ் ஃபேன்டசி டிராஃப்ட், முதல் பிக் எனக்கு, ஆளுக்கோ காயம்

சார்லட்_புதுசு (ஆகஸ்ட் 31, 2024, சனி)
அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். நான் அமெரிக்கா வந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. டீமில் எல்லோரும் ஃபேன்டசி ஃபுட்பால் ஆடுகிறார்கள், நிஜ வீரர்களைப் பிரித்து எடுத்துக்கொண்டு அவர்கள் ஆட்டத்தை வைத்துப் பாயின்ட் எண்ணும் விளையாட்டு. நீயும் வருகிறாயா என்று மேனேஜர் கேட்டார், தலையாட்டி வைத்துவிட்டேன். நாளை சாயங்காலம் ஒருவர் வீட்டில் டிராஃப்ட், அதாவது முறைவைத்து ஒவ்வொருவராக வீரர்களைத் தேர்ந்தெடுப்பது. குலுக்கலில் எனக்கு முதல் பிக் விழுந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள், எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. எல்லா லிஸ்ட்டிலும் முதலில் இருக்கிற ஆளுக்குக் கெண்டைக்காலில் காயம். ப்ரீசீசனில், அதாவது சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில், ஒன்றுகூட ஆடவில்லை. எடுக்கலாமா, விடலாமா? தப்பாக எடுத்தால் டிசம்பர் வரை என்னை ஓட்டியே தீர்த்துவிடுவார்கள். எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) வரவில்லை, கார் இல்லை, அந்த வீடு வேறு 20 மைல் தள்ளி. சீக்கிரம் சொல்லுங்கள்.

லண்டன்_வடை
இதற்கா இவ்வளவு பதற்றம்? காயம் என்றால் அந்த வாரமே டிரான்ஸ்ஃபர் செய்துவிடு தம்பி. கேம்வீக் டெட்லைனுக்கு முன்னால் மாற்றினால் போதும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

டல்லாஸ்_பங்காளி
லண்டன் அண்ணே, அவர் கேட்பது அமெரிக்க ஃபுட்பால். உங்கள் ஊர் ஆட்டத்தில் ஒரே வீரரை லட்சம் பேர் வைத்துக்கொள்ளலாம். இங்கே லீக்குக்கு ஒருவர்தான். ஒருத்தர் எடுத்துவிட்டால் மற்றவர்களுக்கு இல்லை, வாராவாரம் நினைத்தவரை வாங்கும் டிரான்ஸ்ஃபரும் கிடையாது.

தம்பி, நீ பெயரைச் சொல்லவில்லை. கிறிஸ்டியன் மெக்காஃப்ரிதானே? கண்ணை மூடிக்கொண்டு எடு. போன சீசனில் ஓடியும் பிடித்தும் 2,023 யார்டு, 21 டச் டவுன். அவரை விட்டுவிட்டு, அவர் பக்கத்து சீட்டுக்காரனுக்கு 30 பாயின்ட் போட்டுக்கொடுத்தால் அந்த எரிச்சல் லேசில் தீராது.

மிச்சிகன்_மாமா
பிக் கிடக்கட்டும். இப்போதே சொல்லி வை, டீமில் ஒருத்தர் உன்னை ஏற்றிக்கொண்டு போவார். வெட்கப்படாதே. நான் வந்த புதிதில் யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, ஜனவரி பனியில் பஸ் ஸ்டாப்பில் நின்றே ஒரு குளிர்காலத்தை ஓட்டினேன். காலில் போட்டிருந்தது ஊரில் வாங்கிய கான்வாஸ் ஷூ. அன்றைக்கெல்லாம் வாட்ஸ்அப் கிடையாது, காலிங் கார்டு சுரண்டித்தான் வீட்டுக்குப் பேச வேண்டும். உங்கள் தலைமுறைக்குக் கஷ்டம் என்றால் முதல் பிக்!

போகும்போது வெறுங்கையோடு போகாதே. இந்தியக் கடையில் முறுக்கு வாங்கிக்கொள். காரமில்லாததாகப் பார்த்து வாங்கு.

சியாட்டில்_மழை
டல்லாஸ் சொல்வதைக் கேட்காதீர்கள். தசைக் காயம் உள்ள ஆளை முதல் சுற்றில் தொடவே கூடாது. போன வருஷம் கூப்பர் கப் என்ற வீரரின் கதை மறந்துவிட்டதா? முகாமில் தொடைப் பின்தசை இழுத்தது, சரியாகிவிட்டது என்றார்கள், மறுபடியும் இழுத்தது. முதல் 4 ஆட்டம் போச்சு. இதில் சார்லட் ஆட்களுக்குத் தெரியாத விஷயமா? மெக்காஃப்ரி அந்த ஊர் பாந்தர்ஸ் அணியில் இருந்தபோது 2020இல் 3 ஆட்டம், 2021இல் 7 ஆட்டம்தான் ஆடினார். உன் டீமில் கைதட்டியவர்கள் எதற்குத் தட்டினார்கள் என்று யோசி.

டல்லாஸ்_பங்காளி
அதற்கப்புறம் சான் ஃபிரான்சிஸ்கோ நைனர்ஸ் அணிக்குப் போய் 2023இல் 16 ஆட்டம் ஆடினாரே, அதைச் சொல்ல மாட்டீர்களே.

கொலம்பஸ்_அக்கா
தம்பி, காயம் என்று வந்ததால் சொல்கிறேன். ஆபீஸ் ஆட்கள் விளையாடக் கூப்பிட்டால் இன்ஷூரன்ஸ் கார்டு கைக்கு வரும்வரை களத்தில் இறங்காதே. என் வீட்டுக்காரர் வந்த புதிதில் வாலிபால் ஆடப்போய் முட்டியைத் திருகிக்கொண்டார். நேராக எமர்ஜென்ஸிக்குப் போனோம். ஒரு ஸ்கேன், ஒரு ஐஸ் பை, பில்லைப் பார்த்ததும் அவருக்கு முட்டி வலியே மறந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை என்றால் அர்ஜென்ட் கேர் என்ற சின்ன கிளினிக்குக்குப் போக வேண்டும் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. டிடக்டிபிள், அதாவது இன்ஷூரன்ஸ் கொடுக்கும் முன் நம் கையிலிருந்து போகும் தொகை, எவ்வளவு என்று எச்ஆரிடம் திங்கட்கிழமையே கேள்.

மிச்சிகன்_மாமா
திங்கள் லேபர் டே, லீவு.

கொலம்பஸ்_அக்கா
சரி, செவ்வாய்.

நியூஜெர்சி_நிம்மதி
இதில் எவ்வளவு பணம்? விசாவில் வந்தவன் சூதாட்டப் பக்கமே போகக் கூடாது, அவ்வளவுதான் சொல்வேன். அதுவும் என்ன ஆட்டம் இது? 60 நிமிஷ ஆட்டத்தை 3 மணி நேரம் காட்டுகிறான், பாதி நேரம் டிரக் விளம்பரம். திங்கள் காலை மீட்டிங்கில் இதைத்தான் பேசுகிறார்கள். நாம் கிரிக்கெட் பற்றி வாய் திறந்தால் ஐந்து நாள் ஆடுவீர்களாமே என்று சிரிக்கிறார்கள்.

சியாட்டில்_மழை
எங்கள் ஆபீஸிலும் அதே கதைதான். ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் பாட்லக்கில் என் சாம்பாரை சூப் என்று கப்பில் ஊற்றிக் குடித்தார்கள். நானும் சும்மா இருந்துவிட்டேன்.

நைனர்ஸ்_பைத்தியம்
சாம்பார், முட்டி, முறுக்கு எல்லாம் ஆயிற்று. தம்பி, நாலு விஷயம் சொல்லாமல் விட்டாய். எத்தனை அணி? கேட்சுக்குப் பாயின்ட் உண்டா? பெஞ்சில் எத்தனை பேர்? ஐஆர் ஸ்லாட் இருக்கிறதா?

சார்லட்_புதுசு
ஆமாம், மெக்காஃப்ரிதான். 12 அணி. கேட்சுக்கு அரை பாயின்ட். பெஞ்ச் 6, ஐஆர் என்று ஒன்று காட்டுகிறது, அது எதற்கு என்று தெரியவில்லை. ஆளுக்கு 20 டாலர், ஜெயித்தவர் எல்லோருக்கும் லஞ்ச் வாங்கித்தர வேண்டுமாம்.

நைனர்ஸ்_பைத்தியம்
ஐஆர் என்றால் காயம்பட்டவர்களை ஒதுக்கிவைக்கும் இடம். நிஜ அணிகளுக்கும் அது உண்டு. ஒருவரை அதில் போட்டால் குறைந்தது 4 ஆட்டம் உட்கார வேண்டும். இதை வைத்துத்தான் காயத்தைப் படிக்க வேண்டும், கோச் பேச்சை வைத்து அல்ல. ப்ரீசீசனில் காயப் பட்டியல் வெளியிடும் கட்டாயம் அணிகளுக்கு இல்லை, அதனால் கோச்கள் பூசி மெழுகுவார்கள். ஆனால் போன செவ்வாய் 53 பேராக ஆட்களைக் குறைத்தபோது மெக்காஃப்ரியை ஐஆரில் போடவில்லை. ஒரு மாதம் ஆட மாட்டார் என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் போட்டிருப்பார்கள். ஆகவே அணியின் கணக்கு நாலு வாரத்துக்கு உள்ளேதான். அந்தக் கணக்கும் தப்பலாம், கெண்டைக்கால் பொல்லாத இடம். எலும்பு முறிந்தால் தேதி சொல்லலாம், தசை அப்படியில்லை, திரும்பி வந்த பிறகும் இழுக்கும்.

லேபர் டே வாரத்தில் டிராஃப்ட் வைத்தது உனக்கு நல்லது. ப்ரீசீசன் ஆட்டம் மூன்றும் முடிந்துவிட்டன. 2021இல் அவசரப்பட்டு முன்னாலேயே டிராஃப்ட் வைத்தவர்கள் ஜே.கே. டாபின்ஸை எடுத்தார்கள். ஆகஸ்ட் 28, கடைசி ப்ரீசீசன் ஆட்டத்தில் முட்டியில் ஏசிஎல் தசைநார் கிழிந்தது, வருஷமே போச்சு.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. காயம் ஒருவரைக் கவிழ்க்கும்போது பின்னால் நிற்பவனுக்கு வழி திறக்கும். 2017 ப்ரீசீசனில் கான்சஸ் சிட்டியின் ஸ்பென்சர் வேர் முட்டியில் அடிபட்டார். அந்த இடத்துக்கு வந்த புதுப்பையன் கரீம் ஹன்ட் 1,327 யார்டு ஓடி அந்த சீசனில் லீக்கிலேயே முதலிடம். உன் விஷயத்தில் அந்தப் பின்னால் நிற்கும் ஆள் ஜோர்டன் மேசன். எலைஜா மிட்செல் ஏற்கனவே ஐஆருக்குப் போய்விட்டதால் அடுத்தது அவர்தான்.

எனவே: சுற்றுக்குச் சுற்று வரிசை திரும்புவதால் உன் அடுத்த பிக்குகள் 24, 25. அந்த இடத்திலும் மெக்காஃப்ரி மாதிரிப் பந்தோடு ஓடும் நல்ல ரன்னிங் பேக் கிடைப்பார்கள். ரிஸ்க் வேண்டாம் என்றால் முதலில் டல்லாஸ் அணியின் சீடி லாம்ப்பை எடு. ஆகஸ்டில் அவர் முகாமுக்கு வராதது சம்பளப் பேச்சுக்காக, காயத்துக்காக அல்ல, இந்த வாரம் கையெழுத்தும் போட்டாயிற்று. மெக்காஃப்ரிதான் வேண்டும் என்றால் மேசனையும் சேர்த்து எடு. 97ஆவது பிக்கிலேயே எடுத்துவிடு, 120 வரை காத்திருக்காதே, சார்லட்காரர்கள் உஷார். மேசன் கையில் இல்லையென்றால் மெக்காஃப்ரியும் வேண்டாம்.

சியாட்டில்_மழை
இதற்குப் பேசாமல் லாம்ப்பையே எடுத்துவிட்டுப் போகலாமே.

நைனர்ஸ்_பைத்தியம்
போகலாம். நான் எந்த ஊர்க்காரன் என்று பெயரிலேயே இருக்கிறதே, என்னால் அதைச் சொல்ல முடியாது.

சார்லட்_புதுசு (செப்டம்பர் 8, ஞாயிறு)
மெக்காஃப்ரியை எடுத்தேன், மேசனும் கிடைத்தார். மேனேஜரே வந்து ஏற்றிக்கொண்டு போனார், முறுக்கு பத்து நிமிஷத்தில் காலி. இப்போது மெக்காஃப்ரி பெயர் பக்கத்தில் க்வெஸ்சனபிள் (ஆடுவது சந்தேகம்) என்று போட்டிருக்கிறது. ஆட்டம் நாளை இரவு 8 மணிக்கு மேல். இன்றைக்கே அவரை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடட்டுமா?

நைனர்ஸ்_பைத்தியம்
இப்போது தொடாதே. ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஆடாதவர்கள் பட்டியல் வரும். திங்கள் ஆட்டம் என்றால் இதுதான் தலைவலி. அதற்குள் மற்ற எல்லா ஆட்டமும் முடிந்திருக்கும், பெஞ்சில் உள்ளவர்களை மாற்ற முடியாதபடி பூட்டிவிடும். மேசன் அதே ஆட்டத்தில் இருப்பதால் உனக்குப் பிரச்சினை இல்லை. 6:45க்குப் போனைக் கையில் வைத்துக்கொள்.

சார்லட்_புதுசு (செப்டம்பர் 10)
ஆடவில்லை! 6:50க்கு மேசனை மாற்றினேன். 147 யார்டு, ஒரு டச் டவுன். மேனேஜர் இன்னும் என்னிடம் பேசவில்லை. மெக்காஃப்ரியை என்ன செய்ய?

நைனர்ஸ்_பைத்தியம்
விற்காதே. பெஞ்சில் வை. அவர் பெயருக்குப் பக்கத்தில் அவுட் அல்லது ஐஆர் என்று வந்த உடனே உன் ஐஆர் ஸ்லாட்டுக்கு நகர்த்து. காலியாகும் இடத்துக்கு வேவரில், அதாவது லீக்கில் யாரும் வைத்திருக்காதவர்கள் பட்டியலில், ஒரு ரன்னிங் பேக் எடு. உங்கள் லீக்கில் வேவர் புதன் விடியற்காலையில் ஓடுகிறதா என்று செட்டிங்ஸில் பார்த்துக்கொள், செவ்வாய் இரவே பெயரைப் போட்டு வைக்க வேண்டும்.

கொலம்பஸ்_அக்கா
எச்ஆரிடம் கேட்டாயா?