பார்செலோஸ் பீக்காக் பாஸ் பயணம்: மனாவுஸ் நீர்மட்டத்தைப் பார்த்துத் தேதி போடலாமா?

ஈப்போக்காரன்

வணக்கம். கொஞ்சம் நீளமான புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபது வருடமாக மலேசியாவில் ஈப்போ பக்கம் லோம்போங்கில், அதாவது பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில், பிபி (பீக்காக் பாஸ் மீன்தான்) பிடிக்கிறவன் நான். ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரைக் கிலோ. அந்த மீனை அதன் சொந்த ஊரில் ஒரு தடவையாவது பிடித்துப் பார்க்க வேண்டும் என்று காசு சேர்த்து இந்த மார்ச் முதல் வாரம் பிரேசில் போய்விட்டு வந்தேன். மனாவுஸிலிருந்து சின்ன விமானத்தில் பார்செலோஸ், அங்கிருந்து ரியோ நெக்ரோவில் படகு வீடு, ஆறு நாள் கைடோடு. மொத்தம் பதினோரு மீன், பெரியது இரண்டு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். இன்னொன்று நிஜமாகவே பெரியது, ஆனால் அது கொக்கியை நிமிர்த்திவிட்டுப் போய்விட்டது.

முதல் மூன்று நாள் ஏதோ ஓடியது. மூன்றாம் ராத்திரி எங்கள் தலைக்கு மேலே ஒரு துளி மழை இல்லை, ஆனால் காலையில் எழுந்து பார்த்தால் படகைக் கட்டியிருந்த மணல்திட்டு பாதிதான் இருக்கிறது. கைடு "ரெப்பிகேட்டி" என்று ஒரே வார்த்தை சொல்லித் தலையை ஆட்டினார். அப்புறம் மூன்று நாளும் மரங்களுக்கு நடுவே லூரை (செயற்கை இரை) எறிந்து கிளையில் மாட்டி எடுத்ததுதான் வேலை.

மறுபடி வந்தால் பத்து சதவீதம் குறைக்கிறோம் என்கிறார்கள், கூட்டிப்போன படகு கம்பெனிக்காரர்கள். இந்தத் தடவை நானும் படித்துவிட்டுத்தான் போவது என்று மனாவுஸ் துறைமுக நீர்மட்ட வரைபடங்களை எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலான வருடம் அக்டோபர் கடைசி, நவம்பர் வாக்கில் அடித்தட்டுக்கு வருகிறது. அதனால் அக்டோபர் கடைசி வாரம் போட்டுவிடலாமா? சரியா?

கருநீர்

அண்ணே, அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். நீங்கள் பார்ப்பது வேறு ஆற்றின் கணக்கு.

மனாவுஸ் இருப்பது ரியோ நெக்ரோவின் வாய் அருகே. அங்கே சோலிமொயிஸ் வந்து முட்டுகிறது, அது ஆண்டிஸ் மலையிலிருந்து வரும் ராட்சச ஆறு. அது உயர்ந்திருந்தால் நெக்ரோ தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் பின்னால் தேங்கும். தெருச் சாக்கடை நிரம்பினால் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் இறங்காமல் நிற்குமே, அதே கதைதான். 2021 ஜூனில் அந்தத் துறைமுகத்தில் 30.02 மீட்டர், 2024 அக்டோபரில் 12.11 மீட்டர். ஒரே அளவுகோலில் கிட்டத்தட்ட 18 மீட்டர் வித்தியாசம்! அதில் பெரும்பங்கு சோலிமொயிஸ் செய்கிற வேலை. நீங்கள் மீன் பிடித்த இடமோ சுமார் 400 கிலோமீட்டர் மேலே.

மேலே மழைக்காலமே வேறு. ரியோ நெக்ரோ கொலம்பியாவில் பிறந்து வெனிசுவேலா எல்லையை ஒட்டி வருகிறது, அதன் பெரிய கிளையாறான ரியோ பிராங்கோ ரொரைமாவிலிருந்து இறங்குகிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மே முதல் ஆகஸ்ட் வரை கொட்டும், டிசம்பர் முதல் மார்ச் வரை காயும். தெற்கிலிருந்து வரும் மதெய்ரா பக்கத்து ஆறுகள் அதற்கு நேர் எதிர், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைதான் வற்றல். ஆகவே பார்செலோஸுக்கு மேலே தண்ணீர் நன்றாக வடிவது பல வருடங்களில் புத்தாண்டுக்குப் பிறகுதான். மனாவுஸில் தரை தெரிகிறது என்று இங்கே நினைத்துக்கொண்டு போனால் அங்கே இன்னும் காட்டுக்குள் தண்ணீர் நிற்கலாம்.

உங்களுக்கு வந்த ரெப்பிகேட்டி, வற்றல் காலத்து நடுவில் மேலே எங்கோ பெய்த மழையால் வரும் திடீர் ஏற்றம். தண்ணீர் இறங்கும்போது குஞ்சு மீன்களெல்லாம் இகப்போவை (வெள்ளம் புகும் காடு) விட்டு ஏரிகளுக்கும் கால்வாய்களுக்கும் தள்ளப்படும், துக்குனாரே (பீக்காக் பாஸுக்கு அங்கே அதுதான் பெயர்) அதன் பின்னாலேயே வந்து நிற்கும். ஒரு முழம் ஏறினால் போதும், அத்தனையும் திரும்பக் காட்டுக்குள் ஓடிவிடும். நிலையாக நிற்கிற உயர்ந்த தண்ணீரில்கூட ஏதாவது கிடைக்கும், ஏறுகிற தண்ணீர்தான் கொல்லும்.

பிரேசில் நிலவியல் துறை அமேசான் படுகைக்கு வாராவாரம் நீர்மட்ட அறிக்கை போடுகிறது. போர்த்துகீசிய மொழியில்தான் இருக்கும், ஆனால் அட்டவணை புரியும். அதில் மனாவுஸை விட்டுவிட்டு பார்செலோஸ், தப்புருக்குவாரா (சாந்தா இசபெல் ஊர்தான்), சாவோ கப்ரியேல் டா கஷோயெய்ரா மூன்றையும் பாருங்கள். சாவோ கப்ரியேலில் ஏறுகிற தண்ணீர் சில நாள் கழித்து உங்கள் படகுக்கு வரும்.

ஈப்போக்காரன்

ஐயோ, இத்தனை நாள் பார்த்ததெல்லாம் வீண். சரி, அப்படியானால் ஜனவரி பிப்ரவரிதான் பத்திரமா? எனக்கு மார்ச் முதல் வாரமே அடி விழுந்ததே!

துறைமீன்

பத்திரமான மாதம் என்று ஒன்று கிடையாது. நான் 2023 நவம்பரில் போனவன், உங்களுக்கு நேர்மாறான துன்பம். மனாவுஸில் இறங்கியபோதே காட்டுத்தீப் புகை, கண் எரிச்சல். மேலே போனால் தண்ணீர் அவ்வளவு குறைவு, தாய்ப்படகு கிளையாற்றுக்குள் நுழையவே முடியவில்லை. சின்ன அலுமினியப் படகில் ஒன்றரை மணி நேரம் போய், நடுவே இறங்கி இறங்கி மணலில் இழுத்து, ஒரு நாளில் பாதி அதற்கே போனது. ஏரிகளின் வாய் மூடிவிட்டது, உள்ளே மீன் இருப்பது தெரிகிறது, படகு போகாது. கைடும் நானும் காட்டு வழியாகச் சின்ன மரப்படகைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு ஏரியில் விட்டோம். அந்த ஒரு பிற்பகலில் ஏழு மீன், ஒன்று ஏழு கிலோ. முதுகுவலி அடுத்த வாரம் வரை இருந்தது, அது வேறு.

நான் சொல்வது, மாதத்தைவிடக் கூட்டிப்போகிற ஆள் முக்கியம். ஒரே ஆற்றில் கட்டிப்போட்ட லாட்ஜ் என்றால் அந்த ஆறு ஏறினால் உங்கள் கதை முடிந்தது. நகரும் படகு என்றால் வடகரையில் தெமினி, அரசா ஏறும்போது தென்கரையில் குய்யுனி, ஊனினி இறங்கிக்கொண்டிருக்கலாம், அங்கே போய்விடலாம். இரு கரையிலும் ஒரே நாளில் மழை பெய்வதில்லை. எத்தனை கிளையாற்றில் நுழைய அனுமதி இருக்கிறது, எரிபொருள் கூட ஆனால் யார் கணக்கு, தண்ணீர் ஏறினால் தேதி மாற்றித் தருவார்களா, இதைப் பணம் கட்டும் முன்னே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தண்ணீருக்குப் பணம் திரும்பக் கிடைக்காது.

கருநீர்

மேலே சொன்னது நியாயம். இன்னொன்று, கைடு எப்படிப்பட்டவர் என்று முதல் சாயங்காலமே தெரிந்துவிடும். எனக்கு வாய்த்தவர் உள்ளூர்க்காரர், படகைக் கட்டியதும் தண்ணீர் விளிம்பில் ஈர மணலில் ஒரு குச்சியைக் குத்தி வைப்பார். காலையில் காபிக்கு முன்னாலேயே அதைப் போய்ப் பார்ப்பார். குச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஈரப் பட்டை தெரிந்தால் இறங்குகிறது, முகம் மலரும். குச்சி தண்ணீருக்குள் நின்று, கருப்புத் தண்ணீர் மேலே சருகும் நுரையும் கோடாக மிதந்தால் ஏறுகிறது, உடனே சமையல்காரரிடம் "கிளம்பு" என்பார். சாப்பாடு போகிற வழியில்.

கொக்கி நிமிர்ந்தது ஈப்போ சாமானைக் கொண்டுபோனதாலா?

ஈப்போக்காரன்

மாட்டிக்கொண்டேன். ஆமாம், 20 பவுண்டு பிரெய்டு (பின்னல் தூண்டில் நூல்), லூரோடு வந்த கொக்கியேதான்.

துறைமீன்

அடப்பாவி! உலக சாதனை மீன் அதே ரியோ நெக்ரோவில் சாந்தா இசபெல் பக்கம் 2010-இல் பிடித்தது, 13.19 கிலோ. உங்கள் கொக்கி அதற்குப் பல் குத்தும் குச்சி. 65 பவுண்டு பிரெய்டாவது போடுங்கள், மரக்கட்டை நிறைய என்றால் 80. எல்லா லூரிலும் கொக்கியையும் அதை மாட்டும் வளையத்தையும் கனமானதாக மாற்றுங்கள், பலர் கொக்கியை மாற்றிவிட்டு வளையத்தை மறந்துவிடுகிறார்கள். வாலில் விசிறி வைத்து நீர்மேல் ஓடும் டாப்வாட்டர் லூர் பார்க்க அட்டகாசம், ஆனால் தண்ணீர் ஏறின நாளில் அதையே நாள் முழுக்க இழுத்தால் தோள்தான் கழலும். அன்றைக்கு ரோமம் கட்டிய ஜிக்கை (ஈயத் தலைக் கொக்கி) ஏரி வாயில் ஆழமாக விட்டு மெதுவாக இழுங்கள். ரப்பர் மீன் வேண்டாம், பிரானா வாலைக் கடித்துவிட்டுப் போய்விடும்.

கோடம்பாக்கம் தூண்டில்

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். சென்னையிலிருந்து போகிறேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? கருப்புத் தண்ணீரில் கொசுவே இல்லை என்கிறார்களே?

கருநீர்

கொசு குறைவுதான், தண்ணீர் அவ்வளவு அமிலம். ஆனால் கேள்வி கொசு இல்லை தம்பி, திரும்பி வரும்போது நம் ஊர் விமான நிலையம். பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குள் நுழைய அந்த மஞ்சள் அட்டை வேண்டும், இல்லையென்றால் தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் கேளுங்கள். அப்படியே பிரேசில் மீன்பிடி உரிமம் யார் எடுத்துத் தருவது என்பதையும் உங்கள் ஆளிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஈப்போக்காரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பழைய ஆட்களிடம் துறைமீன் சொன்னதை அப்படியே கேட்டேன். எத்தனை கிளையாறு என்றதற்குப் பதிலாகப் போன வருடத்து மீன் படங்கள் பன்னிரண்டு வந்தன. தேதி மாற்றம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பத்து சதவீதம் அவர்களிடமே இருக்கட்டும்.

வேறொருவர் பேசினார், நகரும் படகு, இரு கரையிலும் சேர்த்து நான்கு கிளையாறு, கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு பார்செலோஸ் மட்டம் ஏறிக்கொண்டிருந்தால் ஒரு தடவை தேதி மாற்றலாம் என்று எழுதியே கொடுத்தார். விலை கூடத்தான். ஜனவரி கடைசி வாரம் முன்பணம் கட்டிவிட்டேன். இப்போது தினமும் காலையில் தே-ஓ (பால் இல்லாத டீ) குடித்துக்கொண்டே சாவோ கப்ரியேல் எண்ணைப் பார்க்கிறேன், மனைவி பங்குச் சந்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கொக்கியெல்லாம் மாற்றியாகிவிட்டது.

துறைமீன்

வளையம்?

ஈப்போக்காரன்

நாளைக்குக் கடைக்குப் போகிறேன்.