புதுப்பிப்பு: ஐபிஎஸ்சி-யா, ஐடிபிஏ-யா? கடைசியில் ஏர் பிஸ்டல்

கைத்துப்பாக்கிப் போட்டியில் புதிதாக இறங்குபவன் ஐபிஎஸ்சி-யில் தொடங்குவதா, ஐடிபிஏ-யிலா (இரண்டும் குறியோடு வேகத்தையும் கணக்கில் எடுக்கும் துப்பாக்கிச் சுடும் போட்டி வகைகள்) என்று கீழக்கரையிலிருந்து இங்கே கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி.

பலித்தது மதுரை அண்ணன் சொன்னதுதான்: "இரண்டும் வேண்டாம், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் எடுங்கள்." அதாவது, பத்து மீட்டர் தூரத்து இலக்கைக் காற்றழுத்தக் கைத்துப்பாக்கியால் சுடும் போட்டி. ஐபிஎஸ்சி-யில் வாங்கிய புள்ளிகளை நேரத்தால் வகுப்பார்கள், ஐடிபிஏ-யில் தவறவிட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் நேரத்தில் ஒரு வினாடி கூடும். இரண்டிலும் 9 மி.மீ. துப்பாக்கியே பரவலான தேர்வு. நம் நாட்டில் அது பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம் என்பதை விசாரிக்காமலே இத்தனை நாள் கனவு கண்டிருக்கிறேன்! 4.5 மி.மீ. ஏர் பிஸ்டலோ, ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாதவரை, 2016 ஆயுத விதிகளின்படி உரிமமின்றி வைத்துக்கொள்ளலாம்.

இலக்கின் நடுவில் உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. சுண்டைக்காய் அளவுதான். முதல் மாதம் குண்டுகள் எல்லாம் இடப்பக்கமே போயின. கையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன், காரணம் கண். நான் வலக்கைக்காரன், ஆனால் ஓங்கிய கண் (குறி பார்க்கும்போது மூளை அதிகம் நம்பும் கண்) இடது. இடக்கண்ணை மறைத்துச் சுட்ட பிறகு குண்டுகள் பட்ட இடங்களின் கூட்டம் நடுவுக்கு வந்தது. வெறும் சுவரைப் பார்த்து, குண்டில்லாமல் விசை அழுத்திப் பழகச் சொன்ன தம்பிக்கும் இதில் பங்குண்டு.

எதிர்பாராதது உப்புக்காற்று. துடைக்காமல் விட்ட நான்கே நாளில் குழலின் வாயருகே மஞ்சள்தூள் தூவியதுபோல் துரு. இப்போது சுட்டு முடித்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம். கடலோரக்காரர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.