கொள்ளுத்தாத்தாவின் வயது ஏன் தாளுக்குத் தாள் மாறுகிறது?

கேள்வி:
கொள்ளுத்தாத்தாவைத் தேடி ஒரு வருடமாகப் பழைய தாள்களோடு மல்லுக்கட்டுகிறேன். ஒரு கணக்கெடுப்பில் அவருக்கு வயது 30. பத்து வருடம் கழித்து எடுத்ததில் 45! ஒரே ஆள்தானா, இல்லை வேறு யாரையோ துரத்துகிறேனா?

பதில் 1:
ஒரே ஆளாக இருக்கலாம். பிறந்த நாளைக் குறித்து வைக்காதவர்கள் வயதை 0, 5 என்று முடியும் எண்ணாகச் சொல்வது சகஜம். இதை அளக்கவே மக்கள்தொகை ஆய்வாளர்கள் விப்பிள் குறியீடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வயதை விடுங்கள், மனைவி, பிள்ளைகள் பெயர், தொழில் ஒத்துப்போகிறதா?

பதில் 2:
பத்திரம் ஏதாவது இருந்தால் சாட்சிகளின் பெயரை விடாதீர்கள். நான் ரொம்ப நாள் அதைப் படிக்காமலே தாண்டிப் போனேன், மடத்தனம். என் பாட்டியின் அப்பா எழுதிய மூன்று பத்திரத்திலும் சாட்சி ஒரே ஆள். விசாரித்தால் அவருடைய மைத்துனர்! கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீட்டு ஆட்கள் அப்படித்தான் கிடைத்தார்கள். அப்புறம், உங்கள் கொள்ளுத்தாத்தா கைநாட்டா, கையெழுத்தா? எழுதத் தெரிந்தவரா என்று அதிலேயே ஓரளவு புரிந்துவிடும்.

கேட்டவர்:
கைநாட்டுதான். மனைவி பெயர் இரண்டிலும் ஒன்றே. ஆனால் முதல் கணக்கெடுப்பில் இருந்த இரண்டு கைக்குழந்தைகள் அடுத்ததில் இல்லை. இதை இப்போதுதான் கவனித்தேன். சரி, இனி இறப்புப் பதிவேடுதான்.