டாக்ரோலிமஸ் ரிசல்ட் சீக்கிரம் தரும் லேப், தஞ்சாவூர் பக்கம்?

2020-ல் அம்மாவின் கிட்னி எனக்கு வைத்தார்கள். இப்போது 23-வது வாரம், முதல் குழந்தை. வைத்த கிட்னியை உடம்பு நிராகரிக்காமல் இருக்கச் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு ரத்தத்தில் இறங்கிக்கொண்டே போகிறது, இங்கே ரத்தம் கொடுத்தால் சென்னைக்கு அனுப்பி ரிசல்ட் வர 4 நாள் ஆகிறது.

12-வது வாரத்தில் 6.9, 18-ல் 5.2, போன வாரம் 4.1. கிரியாட்டினின் 0.9, பிபி நார்மல், கால் வீக்கம் இல்லை. அதே வேலைக்கான இன்னொரு மருந்து மைக்கோஃபினோலேட் குழந்தைக்கு ஆகாது என்பதால் கர்ப்பத்துக்கு 4 மாதம் முன்பே நிறுத்தி அசாதயோபிரின் 50 ஆக்கிவிட்டார்கள், பிரெட்னிசோலோன் 5 அப்படியே. டாக்ரோலிமஸ் காலை 2 மி.கி., இரவு 2 மி.கி. ஆக இருந்ததை போன வாரம் வேளைக்கு இரண்டரையாக்கினார்கள். கர்ப்பத்தில் உடம்பு இந்த மருந்தை வேகமாகக் கழித்துவிடுமாம், ரத்தசோகை இருந்தாலும் அளவு குறைவாகக் காட்டுமாம், அதனால் எண்ணை மட்டும் பார்த்து ஏற்றிக்கொண்டே போக முடியாது, அடிக்கடி பார்க்கணும் என்கிறார் நெஃப்ராலஜி (கிட்னி) டாக்டர். சரி, எங்கே பார்ப்பது?

ஒரே கம்பெனி மாத்திரைதான், நேரம் தவறியதில்லை. காலை மாத்திரையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு லேப் வாசலில் உட்கார்ந்து, ரத்தம் எடுத்த பிறகுதான் விழுங்குகிறேன். ஒருமுறை ஊதா மூடிக் குழாய்க்குப் பதில் சிவப்பு மூடியில் எடுத்துவிட்டார்கள், அந்த வாரமே வீண். இங்கே மூன்று லேபில் கேட்டாயிற்று, எல்லாரும் சென்னைக்குத்தான் அனுப்புகிறார்கள்.

தஞ்சாவூர், திருச்சி, கும்பகோணத்தில் அன்றைக்கோ மறுநாளோ டாக்ரோலிமஸ் ரிசல்ட் தரும் இடம் யாருக்காவது தெரியுமா?