பிங் போகிறது, டொமைனில் மட்டும் சேரவில்லை: உதவி தேவை

புதுநிர்வாகி:
அலுவலகத்தில் 40 கணினிகள். இதுவரை ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கணக்கு தொடங்கிக்கொண்டிருந்தோம். ஒருவர் இருக்கை மாறினால் மறுபடியும் கணக்கு, மறுபடியும் கடவுச்சொல். சலித்துப்போய், எல்லாக் கணக்குகளையும் ஒரே இடத்தில் வைக்கும் ஆக்டிவ் டைரக்டரியை ஒரு சர்வரில் நிறுவினேன். 39 கணினிகள் அதன் டொமைனில் (ஒரே நிர்வாகத்தின் கீழ் வரும் கணினிக் கூட்டத்தில்) சேர்ந்துவிட்டன. ஒன்று மட்டும், டொமைனை நடத்தும் அந்தச் சர்வரை, அதாவது டொமைன் கன்ட்ரோலரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது. சர்வரின் ஐபி முகவரிக்குப் பிங் அடித்தால் பதில் வருகிறது. ஃபயர்வாலை நிறுத்திப் பார்த்தேன், கேபிளை இரண்டு முறை மாற்றினேன். பலனில்லை.

பழையசர்வர்:
முதலில் ஃபயர்வாலைத் திரும்ப இயக்குங்கள். கேபிள் பாவம், அதை விட்டுவிடுங்கள். பிங் பதில் வந்தால் அந்த முகவரியில் ஏதோ ஒரு கணினி விழித்திருக்கிறது, அவ்வளவுதான். டொமைனில் சேரப்போகும் கணினிக்கு அந்த முகவரியே தெரியாது. "இந்த டொமைனுக்கு எல்டாப் சேவை தருவது யார்?" என்று, பெயரைக் கொடுத்தால் முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸைத்தான் கேட்கும் (எல்டாப், கணக்குப் பதிவேட்டிடம் கேள்வி கேட்கும் முறை). ஒரு சேவை எங்கே கிடைக்கும் என்று சொல்லும் டிஎன்எஸ்ஸின் எஸ்ஆர்வி பதிவில் சர்வரின் பெயரும், சேவைக்கான கதவு எண்ணான போர்ட் 389 என்பதும் இருக்கும். அந்தக் கணினியில் எந்த டிஎன்எஸ் இருக்கிறது?

புதுநிர்வாகி:
யாரோ கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். முதலில் கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8, இரண்டாவது எங்கள் சர்வர். முதலாவதில் கிடைக்காவிட்டால் இரண்டாவதைக் கேட்கும் அல்லவா?

பழையசர்வர்:
கேட்காது. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை நானும் இதில் தொலைத்திருக்கிறேன். முதலாவது பதிலே தராமல் இருந்தால்தான் இரண்டாவதிடம் போகும். "அப்படி ஒரு பெயர் இல்லை" என்பதும் பதில்தான். உங்கள் உள் டொமைன் பொது டிஎன்எஸ்ஸுக்குத் தெரியாது, உடனே இல்லை என்றுவிடும், கணினியும் நம்பிவிடும். 8.8.8.8ஐ அங்கிருந்து நீக்குங்கள். வெளிப்பெயர்களைத் தேட வேண்டுமென்றால் சர்வரில் அதை ஃபார்வர்டராக, அதாவது சர்வர் தனக்குத் தெரியாததைக் கேட்கும் இடமாக, சேர்த்துக்கொள்ளலாம்.

புதுநிர்வாகி:
நீக்கினேன். கடவுச்சொல் கேட்கும் வரை வந்துவிட்டது. கொடுத்தால், நேரம் பொருந்தவில்லை என்கிறது!

இரவுப்பணி:
கடிகாரத்தைப் பாருங்கள். உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பெரோஸ், வழக்கமான அமைப்பில் 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும். வழியில் பிடித்துவைத்த பழைய உள்நுழைவுச் சீட்டை வேறொருவர் பிறகு நீட்டிவிடக் கூடாதே, அதற்காக. பழைய கணினி என்றால் கடிகாரத்தை ஓட வைக்கும் மதர்போர்டு பேட்டரியையும் பார்த்துவிடுங்கள்.

புதுநிர்வாகி:
11 நிமிடம் பின்தங்கியிருந்தது. திருத்தியதும் சேர்ந்துவிட்டது, நன்றி. ஒரு சந்தேகம்: எல்டாப்பும் ஆக்டிவ் டைரக்டரியும் ஒன்றா?

பழையசர்வர்:
இல்லை. எல்டாப் கேட்கும் முறை. ஆக்டிவ் டைரக்டரியும் ஓப்பன்எல்டாப்பும் அந்த முறையில் பதில் சொல்லும் பதிவேடுகள். 1988இல் வந்த எக்ஸ்.500 என்னும் பதிவேட்டுத் தரம் சாதாரணக் கணினிகளுக்குப் பெரும் சுமையாக இருந்தது. அதை எளிதாக அணுகத்தான் எல்டாப் பிறந்தது, பெயரில் உள்ள 'எல்' லைட்வெயிட்டைக் குறிக்கிறது. அது இருக்கட்டும், உங்களிடம் கன்ட்ரோலர் ஒன்றுதானா? அது படுத்தால் 40 பேரும் தவிப்பார்கள். இன்னொன்று நிறுவி, காலியான டிஎன்எஸ் இடத்தில் அதன் முகவரியைக் கொடுங்கள்.

புதுநிர்வாகி:
ஒன்றுதான். இரண்டாவதற்கு நாளையே கேட்கிறேன். ஃபயர்வாலை இயக்கிவிட்டேன், பழைய கேபிளையும் திரும்பச் செருகிவிட்டேன்.