லேசாகக் கால் வைத்தால் திணறல், முழுதாக மிதித்தால் இல்லை: பழைய கார்ப்பரேட்டர் வண்டி

இரண்டாம்கியர்:

வணக்கம். என்னிடம் இருப்பது 1991 மாடல் கார். 1.3 லிட்டர் பெட்ரோல், கார்ப்பரேட்டர், பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர், ஐந்து கியர். அப்பா ஆசையாக வைத்திருந்த வண்டி, விற்க மனசு வரவில்லை.

ஸ்டார்ட்டிங் நன்றாக இருக்கிறது. ஐட்லிங்கும் அப்படியே நிற்கிறது. இரண்டாவது, மூன்றாவது கியரில் போகும்போது ஆக்சிலேட்டரில் லேசாகக் கால் வைத்தால்தான் பிரச்சினை. வண்டி ஒரு நொடி திணறி, ஒரு வெட்டு வெட்டி, அப்புறம்தான் எடுக்கிறது. தரையோடு மிதித்தால் திணறல் பெரும்பாலும் வருவதில்லை! இன்ஜின் சூடானாலும் ஆறினாலும் இதே கதைதான்.

பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் புதிது. கார்ப்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. இனிமேல் கார்ப்பரேட்டரையே மாற்றவேண்டியதுதான் என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?

ஜெட்_சாவி:

கால் வைத்ததும் திணறினால் நான் முதலில் பார்ப்பது ஆக்சிலேட்டர் பம்ப்பைத்தான். த்ராட்டில் (காற்றை உள்ளே விடும் தகடு) திறந்த உடனே காற்று பாய்ந்துவிடும், பெட்ரோல் கொஞ்சம் பின்தங்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பம்ப் ஒரு பீய்ச்சு பீய்ச்சுகிறது. அதன் டயாஃப்ரம் ரப்பர் நாளாக ஆக விறைத்துப்போகும். எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு பழைய ரப்பருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

இன்ஜினை அணைத்துவிட்டு, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, கார்ப்பரேட்டர் வாய்க்குள் பார்த்துக்கொண்டே த்ராட்டிலைக் கையால் இழுங்கள். இழுத்த கணமே பெட்ரோல் ஒரே தாரையாக விழவேண்டும். தாமதமாக விழுந்தாலோ சொட்டினாலோ டயாஃப்ரம் போயிருக்கிறது, இல்லை பம்ப் ஜெட் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) அடைத்திருக்கிறது. ஜெட்டில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை ஓட்டை பெரிதாகிவிட்டால் அப்புறம் சரிசெய்ய வழியில்லை.

இரண்டாம்கியர்:

பார்த்தேன். இழுத்ததும் நல்ல தாரையாகவே விழுகிறது. ஒவ்வொரு முறையும் அப்படியே.

கிரீஸ்கை:

தம்பி, கார்ப்பரேட்டரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நீங்கள் முதலில் எழுதியதிலேயே ஒரு நல்ல துப்பு இருக்கிறது.

பம்ப் போன வண்டி சட்டென்று முழுதாக மிதிக்கும்போதுதான் ரொம்பத் திணறும், மெதுவாகக் கால் வைத்தால் பிழைத்துக்கொள்ளும். உங்கள் வண்டி தலைகீழாக நடந்துகொள்கிறது. லேசான மிதியில் திணறி, முழு மிதியில் ஓடுகிறது என்றால் எனக்கு இரண்டு இடங்கள்தான் தோன்றுகின்றன. ஒன்று, கலவை எங்கோ வறண்டு போகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் சேரவில்லை: ஐட்லிங் ஜெட்டிலிருந்து மெயின் ஜெட்டுக்கு மாறும் இடத்தில் அடைப்பு, அல்லது ஏதாவது ஒரு ஹோஸில் காற்று கசிவு. இன்னொன்று, பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் அட்வான்ஸ், அதாவது இன்ஜின் உறிஞ்சும் விசையால் தீப்பொறி நேரத்தை முன்னால் தள்ளும் அமைப்பு.

இரண்டில் எது என்று காசு செலவில்லாமலே பிரித்துவிடலாம். டாஷ்போர்டில் ஆர்பிஎம் மீட்டர் இருக்கிறதா? மூன்றாவது கியரில் போகும்போது திணறலை வரவழைத்து முள்ளைக் கவனியுங்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து அவரைப் பார்க்கச் சொல்வது நல்லது, உங்கள் கண் சாலையில் இருக்கட்டும். கியர் விழுந்து, கிளட்ச்சிலிருந்து கால் எடுத்துவிட்டால் சக்கரமும் இன்ஜினும் ஒன்றாகத்தான் சுற்றும். பெட்ரோல் போதாமல் திணறினாலும் வண்டி ஓடும் வேகத்துக்கு ஏற்ற இடத்தில் முள் நின்றாக வேண்டும். ஆனால் இந்த மாதிரி வண்டிகளில் ஆர்பிஎம் மீட்டர், தீப்பொறிக்கு வோல்டேஜைக் கூட்டும் காயிலின் பிரைமரி பக்கத்திலிருந்துதான், அதாவது பாயிண்ட் திறந்து மூடிக் கரண்டை விட்டு விட்டு அறுக்கும் பக்கத்திலிருந்துதான், துடிப்பை எடுக்கிறது. அந்தப் பக்கம் கரண்ட் அறுந்தால் இன்ஜின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் தடாலென்று விழும், திரும்ப எகிறும். அப்படி விழுந்தால் கார்ப்பரேட்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆட்டோமேட்டிக் வண்டியில் டார்க் கன்வெர்ட்டர் நடுவில் வழுக்குவதால் இந்தச் சோதனை இவ்வளவு சுத்தமாக வராது. மேனுவல் வண்டியில் இது பெரிய வசதி, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சோதனை. டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வாக்குவம் ஹோஸைக் கழற்றி, அதன் வாயை ஒரு திருகாணியால் அடைத்துவிட்டு ஓட்டிப்பாருங்கள். இழுவை கொஞ்சம் மந்தமாக இருக்கும், பரவாயில்லை. திணறல் மறைகிறதா என்பதுதான் கேள்வி.

ஜெட்_சாவி:

அண்ணன் சொல்வது சரிதான். இருந்தாலும் காற்று கசிவையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கார்ப்பரேட்டர் அடி கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் ஹோஸ் இரண்டும் பழைய வண்டியில் வெடித்திருக்கும். ஐட்லிங்கில் ஹோஸ்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் அழுத்துங்கள். எதை அழுத்தும்போது இன்ஜின் சத்தம் மாறுகிறதோ அதைக் கழற்றிப் பாருங்கள். கிளீனர் ஸ்பிரே அடித்தும் பார்ப்பார்கள். ஆனால் சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும், அதனால் நான் சொல்லமாட்டேன்.

இரண்டாம்கியர்:

ஹோஸ் எதை அழுத்தியும் மாற்றமில்லை. ஆனால் முள் விழுகிறது! திணறும் அதே கணத்தில் பாதிக்குக் கீழே போய்த் திரும்புகிறது. தம்பியை உட்காரவைத்துப் பார்த்தேன், அவன் சொன்னபோது நம்பாமல் திரும்பவும் ஓட்டினோம். வாக்குவம் ஹோஸை அடைத்துவிட்டு ஓட்டினால் திணறல் சுத்தமாக இல்லை. அப்படியானால் வாக்குவம் டயாஃப்ரம் கிழிந்துவிட்டதா?

கிரீஸ்கை:

கிழிந்திருந்தால் அட்வான்ஸ் வேலையே செய்யாது, கூடவே கொஞ்சம் காற்றும் கசியும். முள் விழாது. உங்களுடையது வேலை செய்கிறது, அதனால்தான் திணறுகிறது.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை அந்த டயாஃப்ரம்தான் இழுத்துத் திருப்புகிறது. லேசாகக் கால் வைக்கும்போது த்ராட்டில் ஓரத்துத் துளையில் வாக்குவம் கிடைக்கும், தட்டு திரும்பும். முழுதாக மிதித்தால் வாக்குவம் விழுந்துவிடும், தட்டு பழைய இடத்துக்கே வந்துவிடும். உங்கள் திணறலும் இதே கணக்கில்தான் வருகிறது, கவனித்தீர்களா?

பாயிண்ட்டுக்கு வரும் சின்ன வயர், தட்டோடு சேர்ந்து ஒவ்வொரு முறையும் மடங்கி மடங்கி நிமிரும். வருஷக்கணக்கில் அப்படி மடங்கினால் உள்ளே செம்பு இழைகள் அறுந்துவிடும். மேல் உறை மட்டும் முழுசாக இருக்கும். அதனால் பார்வைக்குத் தெரியாது, மீட்டர் வைத்தாலும் தட்டு நகராதவரை சரியாகத்தான் காட்டும். மூடியைக் கழற்றி, இக்னிஷனை அணைத்துவிட்டு அந்த வயரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல வயர் விறைப்பாக நிற்கும். இழை அறுந்த வயர் உறை மட்டும் இருப்பதால் ரப்பர் மாதிரி நீளும். தட்டுக்கு எர்த் போகும் பின்னல் வயரும் அங்கேயே இருக்கும், அதையும் பாருங்கள்.

இரண்டாம்கியர்:

ஐயா, நீண்டது! டெர்மினலுக்குப் பக்கத்தில், ரப்பர் புஷ் வழியாக உள்ளே நுழையும் இடத்திலேயே. உறையைக் கீறிப் பார்த்தால் ஏறக்குறைய எல்லா இழையும் அறுந்து, முனை கறுத்திருக்கிறது. ஒரு இரண்டு இழைதான் ஒட்டிக்கொண்டிருந்தது. எர்த் வயர் நன்றாக இருக்கிறது. வீட்டில் கிடக்கும் எலெக்ட்ரிக் வயரை வெட்டிப் போடலாமா?

கிரீஸ்கை:

வேண்டாம். ஒற்றைக் கம்பி வயரோ தடித்த உறை போட்ட வயரோ அங்கே நிற்காது. தட்டைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் சீக்கிரமே மறுபடி அறுந்துபோகும். டிஸ்ட்ரிபியூட்டருக்கென்றே மெல்லிய இழைகளால் ஆன வளையும் வயர் தனியாகக் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். கொஞ்சம் தளர்வாக விட்டுப் பூட்டி, தட்டை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கையால் திருப்பிப் பாருங்கள். வயர் எங்கேயும் இழுபடக்கூடாது, நடுவில் சுற்றும் கேமிலும் உரசக்கூடாது.

அங்கே கை வைத்ததால் பாயிண்ட் இடைவெளியையும் பாருங்கள். இந்த மாதிரி இன்ஜின்களுக்குப் பெரும்பாலும் 0.4 முதல் 0.5 மிமீ, உங்கள் மேனுவலில் இருப்பதே முடிவு. முதலில் இடைவெளி, அப்புறம்தான் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்). இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங்கும் முன்னால் போய்விடும். டைமிங் லைட் வைக்கும்போது வாக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டுப் பாருங்கள். முடிந்ததும் ஹோஸை மாட்ட மறக்காதீர்கள்.

இரண்டாம்கியர்:

மாட்டியாயிற்று. இரண்டாவது கியரில் லேசாகக் கால் வைத்தேன், வெட்டு இல்லாமல் ஒரே சீராக ஏறியது. முள்ளும் அசையாமல் கூடவே ஏறுகிறது. பாயிண்ட்டில் லேசாகக் குழி விழுந்திருந்ததால் அதையும் கண்டென்சரையும் புதிதாகவே போட்டுவிட்டேன். இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அப்பா இருந்திருந்தால் ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார்.

கிரீஸ்கை:

மனசுக்கு நிறைவாக இருக்கிறது தம்பி. புது பாயிண்ட் என்பதால் ஒன்று மட்டும். கேமில் உரசும் ஃபைபர் முனை ஆரம்பத்தில் சீக்கிரம் தேயும், இடைவெளி குறையும். கேமில் துளி கிரீஸ் தடவி, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் திறந்து ஒரு முறை அளந்துவிடுங்கள்.