ஜரியா நிலக்கரி: ஃபால்ட் வெட்டியதா, உருவாக்கியதா?

சுரங்கத்தான்:
"ஜார்க்கண்டின் ஜரியா நிலக்கரி அடுக்குகளின் உருவத்துக்கே தெற்கு எல்லை ஃபால்ட்தான் (பாறை உடைந்து ஒரு பக்கம் நகர்ந்த பிளவு) காரணம். கரி படியும்போதே அது இறங்கிக்கொண்டிருந்தது" என்று நேற்று பாறைமணி எழுதியிருக்கிறார். தம்பி, பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பெர்மியன் காலத்தில் கரி படிந்தது. ஃபால்ட் பின்னால் வந்தது. தேங்காயை உடைத்த அரிவாளா தேங்காயைக் காய்க்க வைத்தது?

பாறைமணி:
நான் யாருக்கும் தம்பி இல்லை. கரி உள்ள பராகர் பாறை அடுக்குகள் வடக்கு விளிம்பில் தலைகாட்டி, தெற்கே சரிந்து போய், எல்லை ஃபால்ட் பக்கம் செங்குத்தாகின்றன. அதைத் தாண்டினால் கரி இல்லாத, மிகப் பழைய நைஸ் என்ற அடிப்பாறைதான். இதெல்லாம் தற்செயலா?

சுரங்கத்தான்:
தற்செயல் என்று யார் சொன்னது? பின்னால் வந்தது என்றேன். சாதா ஃபால்ட் (பிளவுக்கு மேலுள்ள பாறை கீழே சறுக்கியது) தளத்தில் துளை போட்டால் அடுக்கு காணாமல் போகும். எதிர் ஃபால்ட் (அதே பாறை மேலே ஏறியது) என்றால் ஒரே அடுக்கு இரண்டு தரம் வரும். ஏற்கெனவே இருந்தால்தானே காணாமல் போகும்!

கரித்துண்டு:
'உருவம்' என்று இருவரும் அடுக்கின் வளைவைச் சொல்கிறீர்களா, தடிமனைச் சொல்கிறீர்களா?

பாறைமணி:
அது சுரங்கத்துக்குள் குறுக்கிடும் சின்ன ஃபால்ட். நான் பேசுவது எல்லை ஃபால்ட். ஒரு அடுக்கு ஃபால்ட்டை நோக்கித் தடித்தாலோ, இரண்டாகப் பிரிந்து நடுவே மணற்கல் நுழைந்தாலோ, அந்தப் பக்கம் தரை வேகமாக இறங்கியது என்று அர்த்தம். மத்தியப் பிரதேசத்துச் சிங்ரௌலி நிலக்கரி வயலில் ஜிங்குர்தா அடுக்கு 100 மீட்டரைத் தாண்டுகிறது. தரை இறங்காமல் அத்தனை பீட் (கரியாக மாறும் மட்கிய தாவரம்) எங்கே சேர்ந்ததாம்?

சுரங்கத்தான்:
ஜரியாவில் பதில் இல்லை என்றதும் சிங்ரௌலிக்கு ரயில் ஏறிவிட்டார். தரை இறங்க ஃபால்ட்தான் வேண்டுமா? மேலே வண்டல் சேர்ந்தாலும் இறங்கும். ஃபால்ட் பின்னால் வந்தது. போன வருடம் ஜாமா கரி (உள்ளே ஏறிய பாறைக்குழம்பு சுட்ட கரி) விவாதத்தில், அந்தக் குழம்பு உறைந்த லாம்ப்ரோஃபைர் பாறையை டோலரைட் என்ற வேறு பாறை என்று அடித்துச் சொன்னவர் இவர்தானே?

பாறைமணி:
ஜரியாவில் டோலரைட்டும் உண்டு. போய்ப் படியுங்கள்.

சுரங்கத்தான்:
உண்டு. கரியைச் சுட்டு ஜாமா ஆக்கியதில் பெரும்பங்கு எதற்கு என்பதுதான் அன்றைய கேள்வி. அன்றும் இப்படித்தான் நழுவினீர்கள்.

கரித்துண்டு:
நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. சரி, 1916 முதல் ஜரியாவில் எரிகிற நெருப்புக்கும் ஃபால்ட்தான் காரணமா?

சுரங்கத்தான்:
அதுவும் பின்னால் வந்ததுதான். பாறைமணியைக் கேட்டால் பெர்மியனிலேயே எரிந்தது என்பார்.

பாறைமணி:
எல்லா வரியும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் ஜாமா விவாத இழைக்குப் போகிறேன், அங்கே நீங்கள் அழித்த பதிவின் நகல் என்னிடம் இருக்கிறது.

சுரங்கத்தான்:
தாராளமாகப் போடுங்கள் தம்பி.